வாடகை வீட்டு ரிப்பேர் பில்: லெட்டிங் ஏஜென்ட்டோடு வரும் தகராறுகள் எங்கே தொடங்குகின்றன, எப்படி முடிகின்றன

இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விட்டு, நிர்வாகம் முழுவதையும் லெட்டிங் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்தவர்களுக்கு மாதாமாதம் ஒரு ஸ்டேட்மென்ட் வரும். வந்த வாடகை, கழித்த நிர்வாகக் கட்டணம், நடுவில் "பிளம்பிங் வேலை – 268.80 பவுண்ட்" என்று ஒரு வரி, கடைசியில் வங்கிக்கு அனுப்பிய மிச்சத் தொகை. தகராறு அந்த நடுவரியில்தான் பிறக்கிறது. என்ன வேலை, யார் செய்தார், யார் சொல்லிச் செய்தார் என்ற எந்த விவரமும் அதில் இல்லை. பணம் மட்டும் ஏற்கெனவே கழிக்கப்பட்டாகிவிட்டது.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் "இந்தச் சின்ன வேலைக்கு இவ்வளவா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் கையில் இருக்கும் வாதங்களிலேயே பலவீனமானது அதுதான். ஒரே வேலைக்கு இரண்டு பிளம்பர்கள் இரண்டு விலை சொல்வார்கள். இரவு நேரக் கட்டணம் வேறு, லண்டன் கட்டணம் வேறு. எது சரியான விலை என்று வெளியிலிருந்து பார்க்கும் எவரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். இந்தச் செலவுக்கு ஏஜென்ட்டுக்கு அனுமதி இருந்ததா, இது உண்மையிலேயே வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய செலவுதானா, இதில் ஏஜென்ட்டுக்கு எவ்வளவு போகிறது என்று முன்பே சொல்லப்பட்டதா: இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் கிடைக்கும். வழக்கு நிற்பதும் விழுவதும் இவற்றில்தான்.

அனுமதி என்பது ஒரு எண்

நிர்வாக ஒப்பந்தத்தில் செலவு வரம்பு என்று ஒரு தொகை இருக்கும். அதற்குள் அடங்கும் வேலையை ஏஜென்ட் கேட்காமலே செய்யலாம். அதைத் தாண்டினால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 150 பவுண்டிலிருந்து 500 பவுண்ட் வரை பலவிதமாக இதை எழுதுகிறார்கள். கையெழுத்துப் போடும்போது பலர் கவனிக்காதது, அந்தத் தொகை வாட் (மதிப்புக் கூட்டு வரி) உள்பட்டதா, தனியா என்பது. 250 என்று மட்டும் எழுதியிருந்தால், வரி சேர்த்து 300 பவுண்டுக்கு வரும் பில்லையும் "வரம்புக்குள்தான்" என்று ஏஜென்ட் வாதாடுவார்.

வரம்பை உடைக்காமல் வளைக்கும் வழியும் உண்டு. குளியலறைக் குழாய்க் கசிவை நிறுத்த 245 பவுண்ட், அதே சுவரைப் பூசி வண்ணமடிக்க 240 பவுண்ட் என்று ஒரே வாரத்தில் இரண்டு இன்வாய்ஸ் வரும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே வரம்புக்குள் இருக்கும். ஒர்க் ஆர்டர் எழுதிய தேதிகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே கான்ட்ராக்டருக்கு எழுதப்பட்டிருந்தால் அது பிரித்துக் காட்டிய ஒரே வேலை. சம்மதம் கேட்டிருக்க வேண்டும். இந்த ஒரு தேதி, விலை பற்றிய பத்துப் பக்கக் கடிதத்தைவிடப் பலம் கொண்டது.

அவசர வேலைக்கு வரம்பு பொருந்தாது என்று ஏறக்குறைய எல்லா ஒப்பந்தமும் சொல்லும். கேஸ் கசிவு, உடைந்த குழாய், முழு மின்தடை, பூட்ட முடியாத வெளிக்கதவு, குளிர்காலத்தில் சூடும் வெந்நீரும் இல்லாமை ஆகியவற்றை அவசரம் என்று ஏற்கலாம். ஆனால் அவசரம் என்பது ஆபத்தை நிறுத்துவதோடு முடிகிறது. உடைந்த குழாயை இரவில் அடைப்பது அவசரம். மறுநாள் காலை சமையலறை அலமாரியை மாற்றுவது அவசரமல்ல. இரவு பில்லோடு மறுநாள் வேலையும் சேர்ந்து வந்தால், எந்தப் பகுதி எந்த நேரத்தில் நடந்தது என்று பிரித்துக் கேட்க வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு.

268.80 எப்படி வந்தது

கமிஷனும் வாட் வரியும் சேரும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பிளம்பர் 200 பவுண்ட் கேட்டார். அவர் வாட்டில் பதிவு செய்யாதவர். ஆண்டு மொத்த வரவு 90,000 பவுண்டைத் தாண்டாத வரை சிறு தொழிலாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஏஜென்ட் ஒப்பந்தப்படி 12 சதவீதக் கமிஷன் எடுக்கிறார்: 24 பவுண்ட். ஏஜென்ட் தன் சேவைக்கு 20 சதவீத வாட் போட வேண்டும்: 4.80. ஆக, வீட்டுக்காரர் கொடுக்க வேண்டியது 228.80. ஆனால் ஸ்டேட்மென்டில் இருப்பதோ 268.80. 200-உம் 24-உம் சேர்ந்த 224 பவுண்ட் முழுவதற்கும் 20 சதவீதம் போடப்பட்டிருக்கிறது. பிளம்பர் கேட்காத வரி 40 பவுண்ட் அதில் ஏறியிருக்கிறது.

ஏஜென்ட் வீட்டுக்காரர் சார்பில் வேலைக்கு ஆள் அமர்த்தி, பிளம்பரின் பில்லை அப்படியே கடத்திக் கொடுக்கிறார் என்றால் அந்தப் பில்லின் மேல் புதிதாக வாட் வரக் கூடாது. தன் பெயரில் வேலையை வாங்கி, தன் பெயரில் விற்கிறார் என்றால் வரலாம். அப்படியானால் ஒப்பந்தம் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடியிருப்பு வாடகைக்கு வாட் விலக்கு இருப்பதால், வீட்டுக்காரரால் இந்த வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. அது முழு நஷ்டம். ஆகவே ஏஜென்ட்டின் சுருக்கக் கணக்கோடு நிறுத்தாமல், கான்ட்ராக்டர் கொடுத்த மூல இன்வாய்ஸைக் கேளுங்கள். அதில் வாட் பதிவு எண் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

இன்னொரு வகைக் கமிஷன் ஸ்டேட்மென்டில் தெரியவே தெரியாது. கான்ட்ராக்டர் 230 என்று பில் போடுவார். அதில் 30 பவுண்டை ஏஜென்ட்டுக்குத் திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்காரர் கண்ணுக்கு 230 மட்டுமே தெரியும். ஏஜென்ட் என்பவர் முதலாளியின் (இங்கே வீட்டுக்காரரின்) சார்பில் செயல்படுபவர். முதலாளிக்குத் தெரியாமல் அந்தப் பொறுப்பில் லாபம் பார்க்கக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தில் பழைய விதி. ஏஜென்ட் ரகசியமாக வாங்கிய கமிஷன் முதலாளிக்கே உரியது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் எஃப்எச்ஆர் யூரோப்பியன் வென்ச்சர்ஸ் வழக்கில் உறுதி செய்தது. அது ஒரு ஹோட்டல் வாங்கியதில் கைமாறிய ஒரு கோடி யூரோ பற்றிய வழக்கு. தொகை பெரிது, விதி ஒன்றுதான்.

ஒப்பந்தத்தில் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் இல்லை. 2009-இல் ஃபாக்ஸ்டன்ஸ் என்ற ஏஜென்ட் நிறுவனத்துக்கு எதிராக, அப்போது நுகர்வோர் பாதுகாப்பைக் கவனித்த நியாய வர்த்தக அலுவலகம் தொடுத்த வழக்கில், சிறிய எழுத்துக்குள் புதைந்திருந்த வாடகைப் புதுப்பிப்புக் கமிஷன் விதிகள் சாதாரண வீட்டுக்காரர்களுக்கு நியாயமற்றவை என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ரிப்பேர் கமிஷன் பற்றியதல்ல. இருந்தாலும், பணம் பிடுங்கும் விதியை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்ற கருத்து இதற்கும் பொருந்தும். அதோடு, 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி ஏஜென்ட்கள் தங்கள் கட்டணங்கள் அனைத்தையும் வரி உள்பட அலுவலகத்திலும் இணையதளத்திலும் காட்ட வேண்டும். உங்களிடம் வாங்கிய "வேலை மேற்பார்வைக் கட்டணம்" அந்தப் பட்டியலில் இல்லை என்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார் தலையில் விழ வேண்டிய செலவு

1985-ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வீட்டுக்காரர் பொறுப்பை வரையறுக்கிறது: கட்டடத்தின் அமைப்பும் வெளிப்புறமும், கூரைத் தண்ணீர்க் குழாய்களும் கழிவுக் குழாய்களும், தண்ணீர், கேஸ், மின்சாரம், கழிப்பறை, சூடேற்றும் அமைப்பு, வெந்நீர். இதை ஒப்பந்தத்தால் வாடகைதாரர் தலையில் கட்ட முடியாது. மறுபக்கம், வீட்டைப் பொறுப்போடு பயன்படுத்துவது வாடகைதாரரின் கடமை. வாரன் எதிர் கீன் என்ற 1950-களின் வழக்கில் டென்னிங் நீதிபதி சொன்ன உதாரணங்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன: தன் கழிவால் அடைத்த சிங்க்கைத் தானே சரி செய்வது, சிறு மின்பழுதைப் பார்த்துக்கொள்வது போன்றவை. பல்பு மாற்ற எலெக்ட்ரீஷியனை அனுப்பி 80 பவுண்ட் பில் வந்தால் கேள்வி கேட்கலாம்.

சாக்கடை அடைப்புதான் வீணாகப் பணம் போகும் இடங்களில் முதன்மையானது. 2011 அக்டோபர் 1 முதல், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் பகிரும் கழிவுக் குழாய்களும், உங்கள் எல்லைக்கு வெளியே பொதுச் சாக்கடை வரை போகும் குழாய்களும் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்பு. வரிசை வீடுகளில் பின்தோட்டம் வழியாக ஓடும் குழாய் பெரும்பாலும் பகிரப்பட்டதே. உங்கள் மண்ணுக்கடியில் இருந்தாலும் அடைப்பை எடுப்பது நிறுவனத்தின் வேலை, கட்டணம் கிடையாது. ஏஜென்ட் தனியார் கம்பெனியை அனுப்பி 180 பவுண்ட் பில் போடுவதற்கு முன், பக்கத்து வீட்டிலும் தண்ணீர் ஏறுகிறதா என்று விசாரித்தாரா, தண்ணீர் நிறுவனத்துக்கு ஒரு அழைப்பு விடுத்தாரா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் அது அக்கறையில்லாத சேவை.

ஃபிளாட் என்றால் இன்னொரு அடுக்கு சேர்கிறது. கூரை, வெளிச்சுவர், பொதுக் கழிவுக் குழாய் எல்லாம் வழக்கமாக ஃப்ரீஹோல்டரின், அதாவது முழுக் கட்டடத்தின் உரிமையாளரின் பொறுப்பு. அதற்குத்தான் சர்வீஸ் சார்ஜ் கட்டுகிறீர்கள். மேல்மாடியிலிருந்து ஒழுகினால் லெட்டிங் ஏஜென்ட் கட்டட நிர்வாகிக்கு எழுத வேண்டும். உங்கள் வாடகையிலிருந்து கூரை வேலைக்காரரை அழைக்கக் கூடாது. கட்டடக் காப்பீட்டில் கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவும் சேர்ந்திருக்கலாம். முதலில் பாலிசியைப் பார்க்க வேண்டும், அதன் பிறகே சுவரை உடைக்க வேண்டும்.

பாய்லர் விஷயம் தனிக் கதை. குளிர்ந்த நிலையில் காம்பி பாய்லரின் (வீட்டுச் சூட்டையும் வெந்நீரையும் ஒன்றாகத் தருவது) அழுத்தம் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும். அது குறைந்தால் பாய்லர் நின்றுவிடும். எஞ்சினியர் வந்து தண்ணீர் நிரப்பி, "அழுத்தம் சரி செய்யப்பட்டது, வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டுப் போவார். மூன்று வாரம் கழித்து அதே புகார், அதே வாசகம், இன்னொரு 95 பவுண்ட். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: எங்கோ கசிவு, அல்லது சூடான தண்ணீர் விரிய இடம் கொடுக்கும் காற்றுத் தொட்டியான எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போய்விட்டது. பின்னது என்றால் அறிகுறி தெளிவாகத் தெரியும். பாய்லர் சூடானதும் அழுத்தம் காட்டும் முள் 3 பாரை நோக்கி ஏறும். பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும். ஆறியதும் முள் அடிமட்டத்துக்கு விழும். எத்தனை முறை நிரப்பினாலும் இதேதான் நடக்கும். ஒருமுறை திறந்த வால்வு சரியாக மூடாமலும் போகலாம். அப்போது வால்வையும் மாற்ற வேண்டும். இரண்டாவது வருகையிலேயே சூட்டிலும் குளிரிலும் அழுத்தம் எவ்வளவு, வெசல் சோதிக்கப்பட்டதா, வெளிக்குழாய் ஈரமா என்ற மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் மூன்றாவது, நான்காவது வருகைக்குப் பணம் கேட்டால், அந்தத் தொகையை எதிர்க்கலாம். நியாயமான திறமையோடு வேலை செய்ய வேண்டும் என்ற சட்டக் கடமை கான்ட்ராக்டருக்கும் உண்டு, அவரைத் தேர்ந்தெடுத்த ஏஜென்ட்டுக்கும் உண்டு.

பாய்லருக்கு உற்பத்தியாளர் வாரன்டி பல ஆண்டுகளுக்கு இருக்கும். ஆண்டுதோறும் சர்வீஸ் செய்வதுதான் அதன் நிபந்தனை. கேஸ் பாதுகாப்புச் சோதனை வேறு, சர்வீஸ் வேறு. சட்டப்படி கட்டாயமான ஆண்டுச் சோதனையை மட்டும் செய்துவிட்டு, ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட சர்வீஸை ஏஜென்ட் விட்டுவிட்டால், வாரன்டி செல்லாது என்று ஒருநாள் பதில் வரும். அப்போது வரும் பழுதுச் செலவு ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டிய நஷ்டம். வாரன்டி உயிரோடு இருக்கும்போதே உற்பத்தியாளரை அழைக்காமல் தன் ஆளை அனுப்பினால், அதுவும் அப்படித்தான்.

மின்சோதனை அறிக்கையில் இன்னொரு குழப்பம். 2020 விதிகளின்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஈஐசிஆர் என்ற மின் இணைப்பு நிலைச் சோதனை வேண்டும். அறிக்கையில் சி1 (ஆபத்து இருக்கிறது), சி2 (ஆபத்து வரலாம்) என்று குறித்த பழுதுகளை 28 நாளுக்குள் சரி செய்ய வேண்டும். எஃப்ஐ என்றால் அதே கெடுவுக்குள் மேலும் ஆராய வேண்டும். சி3 என்பது பரிந்துரை மட்டுமே. அதற்காக அறிக்கை தோல்வியடையாது. சி3 மட்டுமே உள்ள அறிக்கையைக் காட்டி, ஃபியூஸ் பெட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று 600 பவுண்ட் மதிப்பீடு வந்தால், குறியை முதலில் பாருங்கள்.

சுவர் ஈரத்துக்கும் இதே எச்சரிக்கை. ஈரத்தைத் தடுக்கச் சுவருக்குள் செலுத்தும் ரசாயன ஊசியை விற்கும் கம்பெனியின் இலவச சர்வே ரசாயன ஊசியைத்தான் பரிந்துரைக்கும். கூரைத் தண்ணீர்க் குழாய் நிரம்பி வழிகிறதா, வெளியே தரைமட்டம் ஈரத்தடுப்புப் படலத்துக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்கிறதா, குளியலறை மின்விசிறி வினாடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியே இழுக்கிறதா என்று பார்த்த பிறகே பெரிய செலவுக்குச் சம்மதியுங்கள்.

தாமதத்தின் விலை

ஏஜென்ட் அதிகம் செலவழித்தார் என்பது ஒருவகைத் தகராறு. எதுவும் செய்யாமல் இருந்தார் என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். வாடகைதாரர் ஏஜென்ட்டிடம் பழுதைச் சொன்ன நாளே வீட்டுக்காரருக்குச் சொன்ன நாளாகக் கணக்காகும். ஏஜென்ட் அந்த மின்னஞ்சலை ஆறு வாரம் திறக்காமல் விட்டாலும், வாடகைதாரரின் இழப்பீட்டுக் கோரிக்கையும் கவுன்சில் நோட்டீஸும் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். வாடகைதாரருக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பிறகு அந்தத் தொகையை ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டும். 2026 மே 1 முதல் காரணம் சொல்லாத 21-ஆம் பிரிவு நோட்டீஸ் இல்லாததால், வெளியேற்றப்படுவோமோ என்ற பயமில்லாமல் குடியிருப்பவர்கள் பழுதைச் சொல்வார்கள். அது நல்லதுதான். கசிவு சின்னதாக இருக்கும்போதே தெரிந்தால் செலவும் சின்னது.

வீட்டுக்காரர் பக்கத் தவறும் இங்கேதான் வெளிப்படும். மதிப்பீட்டை அனுப்பி, "சம்மதமா?" என்று ஏஜென்ட் மூன்று முறை கேட்டிருக்க, பதில் போடாமல் இருந்துவிட்டால், அந்தத் தாமதத்தின் விளைவை ஏஜென்ட் மேல் ஏற்ற முடியாது.

புகாரை நகர்த்தும் முறை

தொலைபேசியில் சண்டை போடுவதில் பயனில்லை. ஒரே மின்னஞ்சலில், சம்பந்தப்பட்ட ஸ்டேட்மென்ட் வரியைக் குறிப்பிட்டு, இவற்றைக் கேளுங்கள்: வாடகைதாரர் பழுதைச் சொன்ன செய்தி தேதியோடு, ஒர்க் ஆர்டர், மதிப்பீடு, கான்ட்ராக்டரின் மூல இன்வாய்ஸ், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஏஜென்ட் இந்த வேலையில் பெற்ற எல்லாக் கமிஷனும். 14 நாள் கெடு கொடுங்கள். பல தகராறுகள் இந்த ஒரு கடிதத்திலேயே அடங்கிவிடுகின்றன. காட்ட முடியாத காகிதம் இருந்தால் ஏஜென்ட்டே பாதித் தொகையைத் திருப்புவதாகச் சொல்வார். அதை முழுத் தீர்வாக ஏற்பதா, பகுதியாக ஏற்பதா என்பதையும் எழுத்திலேயே சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் கோபத்தில் வாடகைதாரரிடம் "இனி எனக்கே நேராகப் பணம் அனுப்புங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அப்படிச் செய்தால் மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ஏஜென்ட்டை மாற்ற வேண்டுமானால் நோட்டீஸ் காலத்தைப் பார்த்து முறையாக விலகுங்கள். அவர் கொண்டுவந்த வாடகைதாரர் இருக்கும் வரை கமிஷன் தொடரும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் திருப்தியில்லை என்றால், "முறையான புகார்" என்று தலைப்பிட்டு ஏஜென்ட்டின் புகார் நடைமுறைப்படி எழுத வேண்டும். 2014 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் லெட்டிங் ஏஜென்ட்கள் எல்லோரும் அரசு ஏற்ற குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் இருந்தாக வேண்டும். இப்போது இருப்பவை ப்ராப்பர்ட்டி ஓம்பட்ஸ்மன், ப்ராப்பர்ட்டி ரிட்ரெஸ் என்ற இரண்டு. ஏஜென்ட் தன் இறுதிப் பதிலைத் தந்த பிறகோ, எட்டு வாரம் பதில் இல்லாமல் கடந்த பிறகோ அங்கே போகலாம். வீட்டுக்காரருக்குக் கட்டணம் இல்லை. ஓம்பட்ஸ்மனிடம் போவதென்றால் இறுதிப் பதிலிலிருந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே 25,000 பவுண்ட் வரை தீர்ப்பு கிடைக்கலாம். அவர்கள் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள், வீட்டுக்கு வந்து குழாயைப் பார்ப்பதில்லை. ஆகவே தேதி வரிசையில் ஒரு பக்கச் சுருக்கமும், ஒவ்வொரு வரிக்கும் எண்ணிட்ட ஆதாரமும் வையுங்கள்.

நீதிமன்றம் இன்னொரு வழி. 10,000 பவுண்ட் வரை சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். ஒப்பந்த மீறலுக்கு ஆறு ஆண்டுகள் வரை காலம் உண்டு. ஆனால் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது: வழக்கு நடக்கும் விஷயத்தைக் குறைதீர்ப்புத் திட்டம் தொடாது. முதலில் திட்டத்துக்குப் போவதே நல்லது. அதன் முடிவை நீங்கள் ஏற்றால் ஏஜென்ட்டைக் கட்டுப்படுத்தும். ஏற்க மறுத்தால் நீதிமன்றக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கும். தீர்ப்பான தொகையைக் கொடுக்காத ஏஜென்ட் திட்டத்திலிருந்து நீக்கப்படலாம்; எந்தத் திட்டத்திலும் இல்லாமல் தொழில் நடத்தினால் 5,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ளூர் நிர்வாகத்துக்கு உண்டு.